மூன்றாம் பாகத்துக்கு இரண்டு மார்க்

மெஹருன்னிசா மவுஸை வயரோடு உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் சொல்லுறதக் கேளுங்க. இத மட்டும் மதுரைக்கு அனுப்பிராதீங்க."

தவசிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கடைக்காரி இப்படிப் பதறுகிறாள் என்றால் தான் எழுதிய விமர்சனம் குத்தவேண்டிய இடத்தில் குத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் அவள் நடத்திவந்த கடையில் முன்பக்கம் இன்டர்நெட், பின்பக்கம் வீடியோ கேம். டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வரும் 'மின்னல் வீரர்கள்' என்ற ஜப்பான் கார்ட்டூன், சண்டை விளையாட்டாகவும் வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதன் மூன்றாம் பாகம் என்று பளபளக்கும் அட்டையோடு போன வாரம்தான் மதுரை மொத்தக் கடையிலிருந்து ஒரு டிஸ்க் வந்து இறங்கியது. இறங்கிய அன்றே தவசி அதை ஆடித் தீர்த்துவிட்டார்.

தவசிக்குச் சோறு போடுவது உரக்கடை. ஆனால் உரக்கடைக்காரர் என்று யாராவது கூப்பிட்டால் அவருக்கு ஆகாது. மதுரையில் அச்சாகும் ஒரு பத்திரிகையில் 'விமர்சன வேங்கை' என்ற பெயரில் கேம் விமர்சனம் எழுதிவந்தார். இந்தக் கட்டுரை பேசப்பட்டால் நிரந்தரமாக ஒரு பக்கம், அதுவும் போட்டோவோடு என்று ஆசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். தாடையில் கைவைத்த போட்டோ எடுத்துத் தயாராக இருந்தது.

"மவுஸக் குடு தங்கச்சி. யாவாரம் படுத்துரும்னு பயப்படுற. எனக்குப் புரியாமலா?"

"யாவாரம் கெடக்குண்ணே. அந்த டிஸ்க்கு இருக்குல்ல, அது..."

"நிப்பாட்டு!" தவசி கையை உயர்த்தினார். "ஒரு சரக்கப் பத்தி விக்கிறவங்க வாயால ஒத்த வார்த்தை கேக்க மாட்டேன். அது என் கொள்கை."

பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் போட்டைக் கரையில் கட்டிவிட்டு, பாம்பனிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ஆடும் சோணைமுத்து கழுத்தை மட்டும் திருப்பினான்.

"கேம் நல்லாத்தானண்ணே இருக்கு? ரெண்டாம் பாகம் எப்பிடியோ, அப்பிடியே இருக்கு."

"ஏலே, அப்பிடியேவா? வலை இழுக்குறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். கேளு!"

தவசி திரையில் இருந்த கட்டுரையைக் குரல் ஏற்றி வாசித்தார்.

"'இரண்டாம் பாகம் ஒரு காவியம். அதில் குத்து விழுந்தால் ஆடுகிறவனுக்கே வலித்தது. மூன்றாம் பாகத்திலோ பஞ்சு மூட்டையைக் குத்துவது போல் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் பூட்டிக் கிடந்த வீரர்களை இவ்வூர் இளைஞர்கள் இதே கடை மெஷினில் ஒரு கோடை முழுக்க வியர்வை சிந்தி ஆடித் திறந்தார்கள். இதிலோ டிஸ்க்கைப் போட்ட அன்றே அத்தனை வீரர்களும் வரிசைகட்டி நிற்கிறார்கள். உழைப்புக்கு மரியாதை எங்கே?'"

"ரெண்டாம் பாகம் வந்தப்போ, அது முதல் பாகத்தோட கால் தூசி பெறாதுன்னு எழுதுனது யாருண்ணே?" என்றான் சோணைமுத்து.

"அது அப்போ. ஒரு படைப்போட ஆழம் போகப் போகத்தான் தெரியும்."

"ஒரு மணி நேரம் பொறுங்கண்ணே," என்றாள் மெஹருன்னிசா. "மதுரை பஸ்ஸு வந்துரட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

"பஸ்ஸுல யாரு வாரா? சிபாரிசுக்கு ஆளா?" தவசி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "மதுரை பஸ் வந்தா என்ன, மெட்ராஸ் ரயிலே வந்தா என்ன? கெஞ்சுனாலும் சரி, மிரட்டுனாலும் சரி, இந்த வேங்கை எழுதுனத அழிக்காது. மூணாம் பாகத்துக்குப் பத்துக்கு ரெண்டு மார்க். அந்த ரெண்டுகூட அட்டைக்குத்தான்!"

மெஹருன்னிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மவுஸை அவர் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"மூணு தடவ சொல்ல வந்துட்டேன். இனிமே சொல்ல மாட்டேன். அனுப்புங்க."

தவசி வயரைச் சொருகி, அழுத்தி, அனுப்பினார். அதோடு விடவில்லை. ஆசிரியருக்குப் போன் போட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி, "ஒரு வரி வெட்டக்கூடாது சார். இங்க எவ்வளவோ எதிர்ப்பு. நான் அசையல," என்றார்.

ஆசிரியர் அப்போதே அச்சுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தவசி மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ப்பை எதிர்பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மதுரை பஸ் வந்தது. ஆள் யாரும் வரவில்லை. ஒரு சின்னப் பார்சல்தான் வந்தது. மெஹருன்னிசா அதைப் பிரித்தாள். அதே பளபளப்பு, அதே அட்டை. சோணைமுத்து உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டான்.

திரையில் இரண்டே வீரர்கள் நின்றார்கள். மற்ற கட்டமெல்லாம் பூட்டு.

"என்ன தங்கச்சி இது?" தவசியின் குரல் பாதியாகிவிட்டிருந்தது. "அதே அட்டையில எதுக்கு இன்னொண்ணு?"

மெஹருன்னிசா காலி அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"அட்டைக்குப் போட்ட மார்க்கு மட்டும் சரிண்ணே, மதுரைக் கடைக்காரரு போன வாரம் உள்ள மாத்தி வச்சு அனுப்புனது ரெண்டாம் பாகம்."