கண்டக்டருக்குக் கால் சரியில்லை

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். கால்ல பலமே இல்ல. நிக்க வச்சா அப்படியே சரியுது."

மருமகள் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, சாய்வு நாற்காலியில் இருந்தவரின் மடியில் வைத்தாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கோழிக்குஞ்சு. இரண்டு கால்களையும் ஒரு விரல்கடை இடைவெளியில் சேர்த்து வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. அது அவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது.

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். மடித்த டிக்கெட்டை விரித்துப் பார்க்காமல் ஒரு பயலையும் விட்டதில்லை என்று இன்னமும் பீற்றிக்கொள்வார். இப்போது பஸ்ஸும் இல்லை, பயணியும் இல்லை. நாலு மாதமாக நாற்காலியே கதி. தண்ணீர், பேப்பர், மூக்குக்கண்ணாடி எல்லாம் அவரைத் தேடி வரும். விசாரணையை மட்டும் அவர் விடவில்லை.

"எங்க பிடிச்சே இதை?"

"ஆபீஸ்ல ஒரு அக்கா கொடுத்தாங்க மாமா. அவங்க தம்பி கோழிப்பண்ணை வச்சிருக்காரு."

"என்ன தீனி போட்டாங்களாம்?"

"குருணை."

"வெறும் குருணையா? விளங்கிடும்! சத்து எங்கேருந்து வரும்? சரி, பெட்டியில என்ன விரிச்சிருந்தாங்க?"

"பேப்பர்தான்."

"அதான் பாத்தேன். பேப்பர்ல வழுக்கி வழுக்கியே கால் அகண்டு போயிருக்கும். டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லாம் எழுதிக் கொடுத்திருக்காரு." மருமகள் ஒரு சீட்டை எடுத்துக் காலண்டர் ஆணியில் குத்தினாள். "ஒரு மாசத்துல நடக்கணும் மாமா. இல்லேன்னா பண்ணைக்கே திருப்பிக் கொடுத்துடணும். நடக்காத குஞ்சை அவங்க வச்சிருக்க மாட்டாங்க."

"வச்சிருக்காம?"

மருமகள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். அவர் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அதற்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்ததாம்.

சீட்டை மருமகள்தான் படித்துச் சொன்னாள். வழவழப்பான தரை கூடாது. அவர் தன் பழைய காக்கிச்சட்டையைக் கிழித்துப் பெட்டியில் விரித்தார். தினமும் ஒரு வேளை வைட்டமின். குஞ்சுக்கு அவரே சொட்டுச் சொட்டாக ஊட்டினார்; அவருடைய மாத்திரையை மறக்காமல் அவள் ஊட்டினாள். காலையும் மாலையும் பத்துச் சுற்று நடக்கவேண்டும், தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

"நடக்க விட வேண்டியதுதானே?"

"தனியா நடக்காது மாமா. முன்னால ஒருத்தர் போனாத்தான் பின்னால வரும்."

"நீ போயேன்."

"நான் போனா வரமாட்டேங்குது. அது உங்களைத்தான் அம்மான்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"சனியன்!" என்றார் அவர். ஆனால் முகமெல்லாம் பல்.

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் கூடத்தில் அரைச் சுற்று. பின்னாலேயே கண்டக்டர் தத்தித் தத்தி வந்தது. காலை மடக்கி நீட்ட இருபது தடவை என்றும் சீட்டில் இருந்தது. கோழிக்கு என்ன தெரியும்? அவர் அதன் எதிரே உட்கார்ந்து, "இங்க பாருடா. இப்படி மடக்கு, இப்படி நீட்டு" என்று இருபது தடவையும் செய்து காட்டுவார். இருபதாவது தடவை அது கொட்டாவி விடும்.

மூன்று வாரம் ஓடியது. சுற்று பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. மூலையில் நின்ற, அவருக்கென்று வாங்கிய வாக்கரில் துண்டு காயப்போட்டார்கள். கண்டக்டரோ அதே தத்தல்தான். மாதம் முடிய இன்னும் ஒரே வாரம்.

"டாக்டர்கிட்ட மறுபடி காட்டும்மா."

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம் மாமா."

அதுவரை அவருக்குத் தாங்கவில்லை. அவள் ஆபீஸ் போனதும் சீட்டை ஆணியிலிருந்து பிடுங்கினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று பக்கத்துத் தெருவுக்கு நடந்தார். மருந்துக்கடை மாடியில்தான் அந்த வட்டாரத்தின் ஒரே கால்நடை டாக்டர். பதினெட்டுப் படியும் ஏறி, காத்திருந்த நாயையும் பூனையையும் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"என்ன வைத்தியம் பாக்கிறீங்க நீங்க? மூணு வாரமா எழுதினபடியே நடக்கிறோம். குஞ்சுக்கு ஒரு முன்னேற்றமும் இல்ல. பச்சைப்புள்ளை சார் இது! பண்ணைக்குப் போனா உயிரோட இருக்குமா?"

டாக்டர் குஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கால்விரலை அமுக்கினார். கத்தரியை எடுத்துப் பட்டையை வெட்டினார்.

அவ்வளவுதான். கண்டக்டர் மேஜையிலிருந்து குதித்து அறையைச் சுற்றிப் பறந்தது. மாமனார் அதன் பின்னாலேயே இரண்டு சுற்று ஓடி, பெஞ்சுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, அமுக்கிப் பிடித்தார்.

"குஞ்சுக்கு ஒண்ணுமே இல்ல ஐயா. இந்தப் பட்டைதான் அதை ஓட விடாம வச்சிருந்துச்சு. யாரு கட்டச் சொன்னது?"

"நீங்கதான்! என்கிட்டயேவா? இந்தாங்க உங்க சீட்டு!"

டாக்டர் சீட்டைப் படித்தார். அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்தார்.

"மேல் பக்கம் மடிச்சிருக்கே. விரிச்சுப் பாக்கலையா?"

விரித்து நீட்டினார். மேலே ஓர் எலும்பு மருத்துவமனையின் முத்திரை. அதற்குக் கீழே: "நோயாளி: ஆண், வயது 71. முழங்கால் அறுவை முடிந்து நாலு மாதம். கால் நன்றாக இருக்கிறது. எழுந்து நடக்கத்தான் பயப்படுகிறார்."