வெளியூருக்கு வெள்ளைக் காய்

பிரிண்டரில் அச்சான தொடர்தாளை ஓட்டை வரிசை வழியே ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஆசிரியர் மரிய ஜெரால்டின் கை மூன்றாவது தாளில் நின்றது.

எதிரே பெல்சி காத்திருந்தாள். கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து டைப்ரைட்டிங்குக்கு மாறும் விண்ணப்பம் மேசைமேல் இருந்தது. அவர் கையெழுத்துதான் பாக்கி.

அவள் எழுதிய சதுரங்க புரோகிராம் மதுரைப் போட்டிக்குப் போனால் மேற்கொண்டு கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். காரைக்குடி சென்டரிலிருந்து ஒன்றைத்தான் அனுப்ப முடியும். கோவிலூரிலிருந்து ஐயனாரும் ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

ஜெரால்டு இரண்டையும் நான்கு முறை மோத விட்டார். வகுப்பு முடிந்து வந்து முடிவை மட்டும் பார்த்தார். நான்கிலும் பெல்சியுடையது தோற்றிருந்தது. ஐயனாரின் பெயரை அனுப்பிவிட்டார்.

"அந்த நாலு ஆட்டத்தையும் குடுங்க சார். எங்கப்பா நம்ப மாட்டேங்குறாக. ஒண்ணுலகூடவா ஜெயிக்கலன்னு கேக்குறாக" என்று சற்றுமுன் பெல்சி கேட்டிருந்தாள்.

அதற்காகத்தான் கிழித்தார். அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார்.

முதல் தாளில் பதினேழாவது நகர்த்தலில் பெல்சியின் குதிரை வெட்டுப்பட்டிருந்தது. இரண்டாவதிலும் பதினேழில் அதே குதிரை. மூன்றாவதிலும்.

நான்காவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பார்த்தார்.

ஐயனார் வெளியூர்ப் பையன். பெல்சி தன் மாணவி. சொந்த மாணவிக்குச் சலுகை காட்டினார் என்று பேச்சு வரக் கூடாதே என்று, முதலில் ஆடும் வெள்ளைக் காயை ஒவ்வொரு தடவையும் ஐயனாருக்கே கொடுத்திருந்தார். அதே தொடக்கத்துக்கு அதே பதிலைத்தான் இரண்டு புரோகிராம்களும் சொல்லும். மனிதர்களைப்போல அவற்றுக்கு மனம் மாறாது.

நான்கு தடவையும் நடந்தது ஒரே ஆட்டம்.

"பெல்சி, அது ஒரு தடவைதான் தோத்துருக்கு."

"ஆறுதல் சொல்றீகளாக்கும்" என்று சிரித்தாள்.

"இல்லம்மா. ப்ளாப்பியக் கொண்டா. இந்தத் தடவ வெள்ளை உனக்கு. மதுரைக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்."

அவளுடைய புரோகிராம் அந்த ஒரு ப்ளாப்பியைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அத அழிச்சுட்டேனே சார். ஐயனார் அண்ணன் ஒத்த ப்ளாப்பியத் தூக்கிக்கிட்டு மதுரைக்குக் கெளம்பினாக. வழியில கெட்டுப்போனா நம்ம சென்டர் மானம் என்னாகும்? அவுக புரோகிராமையே அதுல இன்னொரு காப்பியா ஏத்திக் குடுத்தனுப்பிட்டேன்."

சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.