நாலரை விரல்

முதல் அடியிலேயே மொனிட்டரின் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை ரெங்கசாமிக் கங்காணி மறுபடியும் தலைக்கு மேலே தூக்கினார். அவர் மகள் விதுஷா மேசைக்கடியில் பாய்ந்து, அங்கிருந்த கணினிப் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். அவள் வரைந்த படம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. கங்காணிக்கு அது தெரியாது. படம் தெரிந்த இடத்தையே போட்டு அடித்தார்.

"யாரக் கேட்டுடி வரைஞ்ச?"

சுபாஸ் மாஸ்டர் கணினிக் கடைச் சுவரோடு ஒட்டி நின்றார். பதுளையில் கணினிச் சித்திரப் போட்டி நடத்தப் போகிறவர் அவர். அதற்கு ஒரு சின்னம் வரைந்து தரும்படி விதுஷாவைக் கேட்டவரும் அவர்தான். அந்தச் சின்னம் போட்ட போஸ்டரைத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய லய வீட்டுச் சுவரிலும் ஒட்டுவதாகச் சொன்ன பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

கொஞ்சம் முன்புதான் இதே கங்காணி வெள்ளைச் சட்டையும் லட்டுப் பெட்டியுமாக, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். மனுஷன் ஒரு சொட்டுக் குடிக்காதவர். கோயில் கமிட்டித் தலைவர் வேறு.

அப்போது திரையில் ஒரு கை இருந்தது. மண்ணிறப் பின்னணியில் சிவந்த கை.

மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியைத் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் எப்போதோ எடுத்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

"உங்கட கைதான், அண்ணை! மெசின் எடுத்த விரலைக் கணினியின்ர ஒரு புள்ளி நிரப்புது. என்ன கற்பனை பாருங்கோ!" என்று மாஸ்டர் உருகினார்.

கங்காணி பூரித்துப் போனார். வலக்கையை விரித்துத் திரையின் மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. பாதி விரலுக்கு மேலே அந்தப் புள்ளி மட்டும் மறையாமல் தெரிந்தது.

அப்போதுதான் அவர் முகம் செத்தது.

அடுத்த அடி மேசைப் பலகையைப் பிளந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று விதுஷாவின் புருவத்தைக் கிழிக்க, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஆனாலும் அவள் பெட்டியை விடவில்லை.

தெருவிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து கங்காணியை மடக்கிப் பிடித்தார்கள். கம்பி சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பாதி விரலை வரைஞ்சதுக்கோ பிள்ளை இவ்வளவு கோபம்?"

விதுஷா பெட்டியை அணைத்தபடி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தாள்.

"விரலுக்கு இல்லைங்க சேர், அந்தப் புள்ளிக்கு. அது அம்மாவோட தோடு. அப்பா கை அம்மா கன்னத்துல பதிஞ்சிருந்தத அப்படியே பாத்துத்தான் வரைஞ்சேன்."

கங்காணியின் இரண்டு கைகளையும் மற்றவர்கள் பிடித்திருந்தார்கள். அவர் வலக்கையின் விரல்களை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டார்.