பானெட் சூடு

"சின்ன இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். பெரிய இன்ஜின்தான் உழைக்கும், மாப்ளே" என்று சொல்லியிருந்தவர், மெக்கானிக்கான என் மச்சான்தான். பெரிய இன்ஜினோடு, கூரையை மடக்கித் திறக்கிற பழைய குட்டி கார் ஒன்று விற்பனைக்கு வந்தது. நேற்றே அவரிடம் விலாசம் சொல்லிவிட்டு, இன்று அழைத்துப் போனேன்.

விற்கிற அம்மா சாவி எடுக்க உள்ளே போனார். பானெட்டைத் தொட்ட மச்சான், "ச்சீ" என்று கையை உதறினார்.

"சூடா இருக்கு. ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதான் உள்ள தேஞ்ச செயின் சத்தம் கேக்கும். அதை மறைக்க முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க. வா போலாம்."

அந்த அம்மா திரும்பி வருவதற்குள் என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா மேல் ஆத்திரம் வந்தது. பார்க்கப் பரம சாது, செய்வது இந்த வேலை. மச்சானைப் பட்டறையில் இறக்கிவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் திரும்பிப் போனேன்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி காரை எதுக்கும்மா ஓட்டினீங்க?"

"எனக்கு ஓட்டவே தெரியாது தம்பி. உங்ககூட வந்த மெக்கானிக்தான் காலையில வந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்தார். இன்ஜின் தங்கம்னார். இப்பதான் போன் பண்ணினார். உங்களுக்குப் பிடிக்கலையாம், தானே எடுத்துக்கறாராம்."