கட்டைவிரல் பூஜ்யம்

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் சி மொழியைக் கரைத்துக் குடித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: ஒருவர் அதை உருவாக்கியவர், இன்னொருவர் எட்வர்ட். சொன்னது எட்வர்ட்தான். இப்போது அதே பேப்பரில் தோற்று, மறுபடியும் அரியர் எழுதுகிறான். தேறினால்தான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. ஹாலில் வேறு ஆளில்லை. ஃபேன் கடகடக்கிறது. “நீ ஒர்த்தன்தாம்பா. முடிச்சின்னா பூட்டிக்கினு போலாம்,” என்கிறார் கண்காணிக்க வந்த சார். கடைசிக் கேள்வி, பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும் இந்த லூப் எத்தனை முறை சுற்றும் என்பது. பக்கத்து பெஞ்சில் வெயில் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் கூடப் படித்த கிரேஸ் இப்படிக் கேள்வி வந்தால் கட்டைவிரலைப் பூஜ்யமாக வைத்து விரல்விட்டு எண்ணுவாள். “இன்னா கிரேஸு, எல்கேஜியா?” என்று சிரித்தவன் இவன். அவள் பாஸாகி வேலைக்குப் போய்விட்டாள். வெளியே அவளுடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் தேயும்வரை எட்வர்ட் காத்திருக்கிறான். பிறகு கையை டெஸ்க்குக்கு அடியில் விட்டு, கட்டைவிரலை மடக்கி, “பூஜ்யம்” என்கிறான், சாருக்குக் கேட்காமல்.