ஆளுக்கொரு பெட்டி

வாயிலிருந்து ரிப்பனை இழுத்துக்கொண்டே இருந்தார் மேஜிக்காரர். சிவப்பு, பச்சை, மஞ்சள். எதிரே நாற்காலிகள் மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தன.

“எங்கய்யா ஓடுறீங்க? இனிமேதான்யா நீலமே வருது!” என்று கத்தினார். வாய் நிறைய ரிப்பன். யாருக்கும் புரியவில்லை.

திரை விழுந்ததுதான் தாமதம், வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க போறானுங்க எல்லாரும்?”

“எதிர்க் கொட்டகைக்கு, சார்.”

“அந்த மச்சான் பய கொட்டகைக்கா?”

“ஆமா சார். இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுக்குவேன். சொல்லு.”

“உங்க வீட்டம்மாவும் தினம் அங்கதான் போறாங்க. பின்வாசல் வழியா. ஓட்டமா.”

மேஜிக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. மேடையில் பெட்டிக்குள் மறைந்ததும் நேரே வீட்டுக்குப் போகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தாள்!

மச்சான் என்பவன் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் மாமனுக்கும் மச்சானுக்கும் ஒரே மேடை. இவர் மனைவியை ஒரு பெட்டியில் மறைய வைப்பார். மேடையின் மறுகோடியில் இன்னொரு பெட்டியிலிருந்து அவன் வரவழைப்பான். சனம் வாயைப் பிளக்கும். அப்புறம் போஸ்டரில் யார் படம் பெரிசு என்று சண்டை வந்தது. ஒரு விரற்கடை வித்தியாசத்துக்காகப் பிரிந்தார்கள். மறைகிற பெட்டி மாமனுக்கு, வருகிற பெட்டி மச்சானுக்கு. சக்கரம் உனக்கு, அச்சு எனக்கு என்று வண்டியைப் பாகம் பிரித்த மாதிரி!

பிரிந்த புதிதில் இவர் கொட்டகையில் ஒரே கூச்சல். “போன பொம்பளையைக் காட்டுய்யா!”

மேனேஜர் கறாராகச் சொன்னார்: “ஆளைத் திருப்பிக் காட்டலேன்னா மேடையை டான்ஸ்காரங்களுக்குக் குடுத்துருவேன்.”

“நான் வேணா வாசல் வழியா நடந்து வரட்டுமா?” என்றாள் மனைவி.

“நடந்து வந்தா அதுக்குப் பேரு வித்தையா? நீ சும்மா இரு!”

அவள் சும்மா இருந்தாள். எப்படியோ கூச்சல் அடங்கியது. ஆட்டத்துக்கு ஆட்டம் அரங்கு நிறைந்தது. எல்லாம் தன் முகராசி என்றுதான் மேஜிக்காரர் நினைத்திருந்தார்.

கறுப்பு அங்கியோடு தெருவைத் தாண்டினார்.

உள்ளே மச்சான் காலிப் பெட்டியைத் திறந்து காட்டினான். மூடினான். கோலால் தட்டித் திறந்தான். உள்ளே இவர் மனைவி! அதே ஜிகினா உடை. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். ஓடி வந்த கூட்டம் மொத்தமும் எழுந்து விசிலடித்தது.

“டேய், அங்க போன அதே அம்மாடா!”

மேஜிக்காரர் மேடையில் தாவி ஏறினார். “துரோகி! கட்டின புருஷனை விட்டுட்டு எதிரி பெட்டியில வந்தா நிக்கறே?”

கைதட்டல் இன்னும் கூடியது. மறைய வைத்தவரே வந்துவிட்டாரே!

மனைவி சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் பேசினாள். “கத்தாதீங்க. நான் இங்க வர்றதாலதான் உங்க கொட்டகை நிறையுது. அங்க நான் மறையறதைப் பாத்தாத்தானே இங்க வர்றதுல ருசி! உங்க மேடையும் தப்பிச்சுது, தம்பி பொழப்பும் ஓடுது.”

கைதட்டல் நிற்கிற வழியாக இல்லை. மேஜிக்காரர் ஒரு கணம் யோசித்தார். கோபத்தை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே! மச்சான் பொழைக்க வழியில்லாம நிக்கிறானேன்னு நான்தான் தினம் அனுப்பி வைக்கிறேன்!”

மச்சான் மைக்கைப் பிடுங்கினான். “யாரு, நீங்களா? அக்கா புருஷன் நடுத்தெருவுக்கு வந்துடக் கூடாதேன்னு நான்தான் வரவழைச்சு உங்க மானத்தைக் காப்பாத்துறேன்!”

“உனக்கு வாழ்வு குடுத்தவன் நான்டா!”

“உங்களுக்கு வாழ்வு குடுத்தவன் நான், மாமா!”

கூட்டத்தில் ஒருவர் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினார். மேஜிக்காரர் சட்டென்று மச்சான் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மனைவியிடம், “கொஞ்சம் தள்ளி நில்லு, எங்களை மறைக்கிறே” என்றார்.

“ஆமாக்கா, கொஞ்சம் ஓரமா” என்றான் மச்சான்.

அவள் ஓரமாகப் போனாள்.

மறுநாள் சாயங்கால ஆட்டம். வழக்கம்போல் பெட்டிக்குள் போனாள், வழக்கம்போல் மறைந்தாள். கூட்டம் தெருவைத் தாண்டி ஓடியது. அன்றைக்கு மேஜிக்காரரும் ரிப்பனை அப்படியே போட்டுவிட்டு, கைதட்டலில் பங்கு வாங்கக் கூடவே ஓடினார்.

மச்சான் கோலால் தட்டிப் பெட்டியைத் திறந்தான்.

காலி.

மூடினான். பலமாகத் தட்டினான். திறந்தான். அப்போதும் காலி.

“எங்கடா என் பொண்டாட்டி?”

“அதை நான் கேக்கணும். எங்க அக்காவை என்ன பண்ணீங்க?”

“நான் ஒழுங்காத்தான் அனுப்பினேன். உனக்குத்தான் வரவழைக்கத் துப்பில்ல!”

“நான் ஒழுங்காத்தான் தட்டினேன். உங்களுக்குத்தான் அனுப்பத் துப்பில்ல!”

கூட்டம் ஊளையிட ஆரம்பித்தது. அதற்கு நடுவே முன்வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பினார்கள்.

ஜிகினா உடைக்கு மேல் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? யாருக்கு யாரு வாழ்வு குடுத்ததுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. அதைப் பாக்கத்தானே டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கேன்!”