கியர் தெரியாத சுயம்பு

"ஏறி உக்காரும் அண்ணாச்சி" என்று அப்துல் ரவூப் டிரைவர் சீட்டைக் காட்டியதும், நான் லாரியின் முன்பக்கம் போய்ப் பம்பரைப் பார்த்தேன்.

ரத்தம் இல்லை. நசுங்கல் இல்லை. போன வருடப் பாகிஸ்தான் சண்டையின்போது ஹெட்லைட்டின் மேல்பாதிக்குப் பூசிய கறுப்பு பெயிண்ட்கூட அப்படியே இருந்தது.

இருந்தாலும் சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பம்பாய் ஆண்டாப் ஹில்லைத் தாண்டி, உப்பளத்தை ஒட்டிய மண் ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை. தாராவியில் தோல் ஏற்றுகிற லாரிக்கு அங்கே என்ன வேலை?

ரவூப் பாய் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் டிரைவர். நான் நாற்பத்திரண்டு வயதுக் கிளீனர். பதினோரு வருடம் லாரியிலேயே கிடந்தும் எனக்குக் கியர் போடத் தெரியாது. 'கியர் தெரியாத சுயம்பு' என்றுதான் தாராவியில் பேர். என் வீட்டுக்காரி பேராச்சிகூடச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வேண்டுமென்றேதான் நான் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் யார் மேலாவது ஏற்றிவிட்டால், போலீஸ் வருவதற்குள் கிளீனர் சீட் மாறி உட்கார்ந்துவிட வேண்டும். டிரைவரின் லைசென்ஸ் பிழைக்கும். கிளீனர் வீட்டுக்கு மாதாமாதம் அரிசி போகும்.

பக்கத்து லாரி சுடலை அப்படித்தான் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். பாவி, ஓட்டிக் காட்டினான். இப்போது தாணா ஜெயிலில் இருக்கிறான்.

ஓட்டவே தெரியாதவனை யாரும் அந்தச் சீட்டில் உட்கார வைக்க முடியாது. என் குடும்பத்துக்கு நான் செய்து வைத்திருந்த ஒரே பந்தோபஸ்து அதுதான்.

ரவூப் பாய் சாதாரண டிரைவர் இல்லை. தெருமுனையில் எவனாவது கியரை உரசினால், தன் பல்லைப் பிடுங்கியது மாதிரி முகம் சுளிப்பார். தன் கியர் கம்பியை என்னைத் துடைக்கக்கூட விடமாட்டார். அப்படிப்பட்டவர் வலிய வந்து கற்றுத் தருகிறார் என்றால்?

இரண்டு மாதமாகவே ஆள் சரியில்லை. டீக்கடையில் யாராவது கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஏதாவது கேட்டால் சிரித்து மழுப்புகிறார். ஓட்டும்போது கியர் கம்பியைவிட்டுக் கையை எடுப்பதே இல்லை. மடியில் கனமில்லாதவனுக்கு இத்தனை ஒளிவு மறைவு எதற்கு?

பம்பர் பக்கம் குனிந்தபடியே கேட்டேன். "யாரை அடிச்சுப் போட்டுட்டு வந்தீரு பாய்?"

பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த மௌனத்தை நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுத்தால் நாளைக்கே வேறு கிளீனர் வந்துவிடுவான். அதனால் ஏறினேன். ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், ஒழுங்காகப் போடக் கூடாது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். கிளட்ச்சை மிதித்துக் கியரை எடுக்க வேண்டும். கிளட்ச்சை விட்டு, எஞ்சின் வேகம் இறங்கக் காத்திருக்க வேண்டும். மறுபடி மிதித்து அடுத்த கியரைத் தள்ள வேண்டும். ஒரு கியருக்கு இரண்டு மிதி.

"கண்ணால தேடாதேயும் அண்ணாச்சி. எஞ்சின் சத்தம் எறங்கும் பாரும், அந்த எடத்துல தள்ளும்."

வண்டி நகர்ந்தது. மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டே போனது.

நான் இரண்டாவது மிதியை மிதிக்கவே இல்லை. அப்படியே கம்பியை இழுத்துத் தள்ளினேன்.

கியர் பெட்டி அலறியது. உப்பளத்திலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. எனக்கே பல் கூசியது. இப்போது என் பிடரியில் ஒன்று விழும், கீழே தள்ளுவார், தப்பித்தேன் என்று காத்திருந்தேன்.

ரவூப் பாய் ரோட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"பராபர், ரொம்பச் சரி! வெண்ணெயில கத்தி எறங்குன மாதிரி விழுந்துட்டு."

கேலி செய்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றேன்.

திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக, வாரத்துக்கு இரண்டு நடை, இந்த மனிதர்தான் என்னை நாசிக் ரோட்டுக் கசாரா மலையில் ஏற்றி இறக்கியிருக்கிறார். எஞ்சின் துடிப்பை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டு, நாடி பிடிப்பது மாதிரி. பம்பரில் ஒரு கீறல் இல்லாமல். நான் அதே பம்பரில் ரத்தம் தேடினேன். வெட்கமாக இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, என் வாயையே பார்த்தார்.

"நாளைக்கு மலையில நீரு ஓட்டும் அண்ணாச்சி. முதலாளிக்குத் தெரிய வேண்டாம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். நாளைக்கு அந்தச் சீட்டில் உட்காரப்போவது நான். பதினோரு வருட பந்தோபஸ்து அதோடு போயிற்று.

கிளட்ச்சை மிதித்தேன். கியரை எடுத்தேன். விட்டேன். சத்தம் இறங்கி வரும்வரை காத்திருந்தேன். மறுபடி மிதித்துத் தள்ளினேன்.

சத்தமே இல்லாமல் விழுந்தது.

ரவூப் பாய் அதற்கும் அதே மாதிரிதான் தலையாட்டினார்.